இறங்கி வந்த ஒன்பது பேர்

பை மடியிலயே இருக்கட்டுமுங்க தம்பி, மேல வெச்சா நசுங்கிப் போயிரும். உள்ள தேங்கா பர்பி இருக்குது. நீங்களும் கோயமுத்தூரா? உக்கடத்துலதான் எறங்கறீங்களா? நானும் அங்கதான். அங்கிருந்து ஆட்டோ புடிச்சு ஏர்போர்ட்டுக்குப் போகோணும். சிங்கப்பூர் போயி, ஜகார்த்தா போயி, அங்கிருந்து பாண்டுங்.

இந்தோனேசியாதானுங்க. நெம்பப் பேருக்குத் தெரியாது. அங்க எங்க பார்த்தாலும் நூல்மில்லு. மில்லுக்குள்ள எங்க பார்த்தாலும் நம்ம கோயமுத்தூர்க்காரங்க. நான் ஸ்பின்னிங் மேனேஜர். பதிமூணு வருசம் ஆச்சு. பேரு சென்னியப்பன். அங்க பாக் சென்னின்னு கூப்புடுவாங்க. 'பாக்'னா ஐயா மாதிரி. பொம்பளைங்களை 'ஈபு'ம்பாங்க.

உங்களுக்குப் பாண்டுங்ல யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா? இல்லையா, நல்லது. இருந்தா என்னைப் பத்தி ஒண்ணு சொல்லியிருப்பாங்க. பொண்டாட்டியை எரிமலையில விட்டுட்டு வந்தவன்னு. விட்டுட்டு வந்தது நெசந்தானுங்க. இல்லைங்கல. ஆனா ஒம்பது பேரைப் பத்திரமா எறக்கிக் கூட்டிட்டு வந்தனே, அதை ஒருத்தராவது சொல்லோணுமில்ல? சொல்ல மாட்டாங்க.

நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

ரெண்டு வருசம், மூணு மாசம் ஆச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை. எங்க மில்லுல ரெண்டு குடும்பம் எங்களுக்கு நெருக்கம். சாயம் ஏத்தற டையிங்ல நடராஜ், அவன் சம்சாரம் ப்ரீத்தி, ரெண்டு பையனுங்க, மூத்தது அஞ்சு, சின்னது மூணு. இன்னொண்ணு பாஸ்கரன், அவன் ஊட்டுல மைதிலி, அவங்களுக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு, ஒரு கைக்குழந்தை. எங்களுக்குத் தாரணி, அப்ப அவளுக்கு ஆறு. என்ர ஊட்டுக்காரி பேரு கோகிலவாணி.

எனக்கு நாலு பேரைக் கூட்டி வெச்சுக்கிட்டாத்தானுங்க சாப்பாடே எறங்கும். அந்த ஊருல நமக்கு யாருங்க இருக்காங்க? நம்மளேதான் ஆளைச் சேத்துக்கோணும். தீபாவளின்னா எங்கூட்டுலதான். பொங்கல்னா எங்கூட்டுலதான். ஞாயித்துக்கிழமைன்னா கண்டிப்பா யாராவது வருவாங்க. கோகிலாவும் சளைக்காமச் செய்வா. மொகம் சுளிச்சு நான் பார்த்ததே இல்லீங்க. அவ அதிகம் பேச மாட்டா. நாந்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுவேன்.

அந்த மலைக்குப் பேரு தங்குபான் பெராகு. கவுத்துப் போட்ட படகுன்னு அர்த்தம். தூரத்துல இருந்து பார்த்தா அப்படித்தான் இருக்குமுங்க. அங்க எரிமலைன்னா நம்மூரு மருதமலை மாதிரி. காரு மேல வரைக்கும் போகும். எறங்கி நாலு எட்டு வெச்சா எரிமலையோட வாய். பெரிய கெணறு மாதிரி, ஆனா ஒரு ஊரையே உள்ள வெச்சரலாம். அடியில இருந்து புகை வந்துட்டே இருக்கும். சுத்தி மக்காச்சோளம் விக்கறவங்க, கம்பளித் தொப்பி விக்கறவங்க, குதிரை சவாரி, எல்லாமே உண்டு. புள்ளைங்களுக்குக் காட்டோணும்னு எனக்கு ஆசை. நாந்தான் எல்லாரையும் கெளப்புனேன். வேன் நாந்தான் பேசுனேன். டிரைவர் ஆசெப் எங்க மில்லுக்கே ஓட்டறவன், நல்ல ஆளு.

கோகிலா நாலு மணிக்கே எந்திரிச்சுப் பத்துப் பன்னெண்டு பேருக்கு எலுமிச்சஞ்சோறு, உருளைக்கெழங்கு வறுவல், கொழந்தைக்குத் தனியாப் பருப்புச்சாதம், பிளாஸ்கு பிளாஸ்கா சுடுதண்ணி, எல்லாம் கட்டி வெச்சிருந்தா. ஒரு பெரிய கூடை. எந்த டப்பாவுல என்ன இருக்குதுன்னு அவளுக்கு மட்டுந்தான் தெரியும். போற வழியில வேன்ல நான் புள்ளைங்களுக்கு எரிமலைன்னா என்னன்னு வெளக்கமாச் சொல்லிட்டே வந்தேன். அவ கடைசி சீட்டுல கூடைகூட உக்காந்திருந்தா. முன்னால வா, காத்து நல்லா வருதுன்னேன். கூடை சாஞ்சுருமுங்கன்னு சொல்லிட்டா.

மேல போனதும் புள்ளைங்க எல்லாம் மூக்கைப் புடிச்சுட்டு அழுகுது. கந்தக வாடை. அழுகுன முட்டை மாதிரி அடிக்கும். நடராஜோட சின்னது வாந்தியே எடுத்துருச்சு. கோகிலாதான் தொடச்சு விட்டு, சட்டை மாத்தி, தூக்கி வெச்சுக்கிட்டா. அப்பறம் எல்லாரையும் நிக்க வெச்சு போட்டோ எடுத்தோம். என்கிட்ட அன்னைக்கு எடுத்த போட்டோ நூத்திச் சொச்சம் இருக்குது. ஊட்டுல ஒத்தையா இருக்கும்போது எடுத்துப் பார்ப்பேன். கோகிலா ஒண்ணுலயும் இல்லீங்க. அவதான எடுத்தா.

சாப்பாட்டுக்குக் கூப்புடறேன், ஆளைக் காணோம். பார்த்தா அந்த மரவேலி ஓரமா நின்னு உள்ளயே பார்த்துட்டு இருக்கா. "கோகிலா, எல்லாரும் பசியா இருக்காங்க"ன்னேன். "ஒரு நிமிசமுங்க, இதா வந்தர்றேன்"ன்னா. அவ என்கிட்ட ஒரு நிமிசம் கேட்டது எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்குது. ஏன்னா அவ கேக்கவே மாட்டா. "அட, புகைதான, வா"ன்னு கூட்டிட்டு வந்துட்டேன். பசியா இருந்தாங்க தம்பி, பொய்யில்ல.

சாப்புட்டு முடிச்சுக் கை கழுவிட்டு இருக்கோம், நடராஜோட சின்னது தொப்பியைக் காணோம்னு அழ ஆரம்பிச்சுருச்சு. அங்க வாங்குன கம்பளித் தொப்பி, கரடிக் காது வெச்சது. வேலிப்பக்கம் விட்டுட்டு வந்துருச்சாட்ட இருக்குது. நான் சொன்னேன், "கோகிலா, நீ ஒருக்காப் போயி எடுத்துட்டு வந்துரு. நீ நின்ன எடந்தான்." அவ கையைத் தொடச்சுட்டுப் போனா. ஒரு அஞ்சு நிமிச நடை இருக்கும்.

அவ போயி கொஞ்ச நேரத்துல மைக்குல என்னமோ சொல்றாங்க. அப்பறம் சைரன் ஊதுது. திரும்பிப் பார்த்தா வெள்ளையா வந்துட்டு இருந்த புகை சாம்பக் கலருல மேல எந்திரிக்குது. மலையில இருந்து சத்தமே இல்லீங்க. அதுதான் பயம். கடைக்காரங்க எல்லாம் தார்ப்பாயை இழுத்து மூடறாங்க. குதிரைங்க கத்துது. அப்பறம் கேட்டா பெருசா ஒண்ணுமில்லையாம், காத்தோட கொஞ்சம் சாம்பல் வந்துச்சு, அவ்வளவுதான்னாங்க. ஆனா அந்த நேரத்துல யாருக்குங்க தெரியும்?

நடராஜ் அப்படியே நின்னுட்டான். பாஸ்கரன் செல்போன்ல வீடியோ எடுக்கறான். நாந்தான் ஓடுனேன். ரெண்டு புள்ளைங்களை ரெண்டு கையில தூக்கிட்டேன். ப்ரீத்தியைப் புடிச்சுத் தள்ளுனேன். மைதிலி கைக்குழந்தைப் பையை விட்டுட்டு வர்றா, அதையும் நாந்தான் எடுத்தேன். எல்லாரையும் வேன்ல போட்டு, படியில நின்னு எண்ணுனேன். நடராஜ், ப்ரீத்தி, ரெண்டு பையனுங்க, நாலு. பாஸ்கரன், மைதிலி, பொண்ணு, கைக்குழந்தை, எட்டு. தாரணி ஒம்பது. ஒம்பது பேரும் இருந்தாங்க. கதவைச் சாத்திட்டு முன் சீட்டுல ஏறிட்டேன்.

ஆசெப் வண்டியை எடுக்காம என்னைப் பார்த்து, "ஈபு?"ன்னான். எனக்கு அவன் பொம்பளைங்க ஏறிட்டாங்களான்னு கேக்கறான்னு தோணுச்சு. "சுடா, சுடா"ன்னேன். ஆச்சு, ஆச்சுன்னு அர்த்தம். அவன் மறுக்கா என் மொகத்தைப் பார்த்தான். நான், "போடா"ன்னு தமிழ்லயே கத்துனேன். எடுத்துட்டான்.

நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுதுங்க. ஒம்பது எண்ணத் தெரிஞ்சவனுக்குப் பத்து எண்ணத் தெரியாதான்னு. நடராஜும் அதைத்தான் கேட்டான். நான் ஒண்ணு சொல்றனுங்க. கூட்டிட்டு வந்தவங்களைத்தான எண்ணுவாங்க? நான் என்னை எண்ணிக்கிட்டனா? இல்லையே. அதே மாதிரிதான் அவளும். ஊட்டு ஆளை யாருங்க எண்ணுவாங்க?

லெம்பாங்னு கீழ ஒரு ஊரு. முக்கா மணி நேரம் எறக்கம். வழியெல்லாம் வண்டி நெரிசல். அந்த முக்கா மணி நேரமும் வேன்ல யாரும் பேசல. புள்ளைங்க தூங்கிருச்சு. தாரணி மைதிலி தோள்ல தூங்கிட்டா. லெம்பாங்ல ஒரு பால் கடை முன்னால நிறுத்துனோம். எல்லாருக்கும் உசுரு வந்துருச்சு. சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நடராஜ் என் தோளைத் தட்டி, "அண்ணா இல்லீன்னா இன்னைக்கு நாங்க அவ்வளவுதான்"ன்னான். அதை அவன் சொன்னான், இப்ப மறந்துட்டான்.

ப்ரீத்தி கொழந்தைக்குப் பால் ஊத்தறதுக்குக் கூடைக்குள்ள டம்ளரைத் தேடறா. கெடைக்கல. "டம்ளர் எதுல இருக்குதுன்னு கோகிலாக்காவைக் கேளுங்க"ன்னா.

எல்லாரும் கடைசி சீட்டைப் பார்த்தோம்.

ஆசெப் மட்டும் தலையைக் குனிஞ்சு ஸ்டியரிங்கைப் பார்த்துட்டு இருந்தான்.

உடனே அவங்களை அங்கயே எறக்கி விட்டுட்டு, வேனைத் திருப்புனேன். ரோட்டை அடச்சிருந்தாங்க. போலீஸ் மேல விட மாட்டேன்னுட்டான். கைகால்ல விழாத கொறை. அவ செல்போனும் கூடையிலதான் இருந்துச்சு. போலீஸ் குடிசைக்குள்ள உக்காந்து, கைக்குக் கெடைச்ச நம்பருக்கெல்லாம் அடிச்சுக் கத்துனேன். நாலு மணிக்கு வயர்லெஸ்ல கேட்டுச் சொன்னாங்க, மேல யாரும் இல்ல, எல்லாரையும் எறக்கியாச்சுன்னு. எங்கன்னு கேட்டா தெரியாதுங்கறாங்க. ஆஸ்பத்திரி ஒண்ணு போனேன். ரெண்டு போனேன். அப்பத்தான் மைதிலிகிட்ட இருந்து ஃபோன். தாரணியை ஊட்டுல விடப் போனாங்களாம். கோகிலா கதவைத் தொறந்தாளாம்.

நான் போகும்போது ஆறு மணி. தலைக்கு ஊத்திட்டு, ஈரத்துண்டைக் கட்டிட்டு, தோசை வாத்துட்டு இருந்தா. தாரணி பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தா. என்னைப் பார்த்ததும் அடுப்பைச் சின்னதா வெச்சுட்டு, அலமாரி மேல இருந்து அந்தக் கரடித் தொப்பியை எடுத்தா. அலசிக் காயப் போட்டிருக்கா. "இந்தாங்க. நாளைக்கு மில்லுக்குப் போகும்போது நடராஜ் அண்ணன்கிட்டக் குடுத்துருங்க"ன்னா.

அவ்வளவுதானுங்க. திட்டல. அழல. நான் எல்லாத்தையும் சொன்னேன், எப்படித் தூக்குனேன், எப்படித் தள்ளுனேன், எப்படி ஒம்பது பேரை எண்ணுனேன். பூராத்தையும் கேட்டுட்டு, "தோசை ரெண்டா மூணா"ன்னா.

நீ எப்படி வந்தேன்னு நான் கேக்கலீங்க. அவதான் வந்துட்டாளே.

அவ நாலு வார்த்தை திட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அதுதான் என்ர வருத்தம். மனசுல வெச்சுக்கிட்டா நாம என்ன பண்றது? நானே அதைப் பெருசு பண்ணக் கூடாதுன்னு, அந்தத் தீபாவளிக்கு எல்லாரும் வந்தப்ப, நானே வேடிக்கையாச் சொல்லி ஆரம்பிச்சேன். ஆசெப் "ஈபு"ன்னு கேட்டது, நான் "சுடா சுடா"ன்னது, எல்லாம் நடிச்சே காட்டுனேன். முப்பது பேரு உழுந்து உழுந்து சிரிச்சாங்க. கோகிலாவும் சிரிச்சா. கையில பலகாரத் தட்டை வெச்சுக்கிட்டு, நான் முடிக்கற வரைக்கும் நின்னு சிரிச்சுட்டுத்தான் உள்ள போனா. நான் பார்த்தேன்.

அதுக்கப்பறம் ஜூன் மாசம், தாரணிக்குத் தமிழ் படிக்கோணும், உடுமலையில சேத்தரலாம்னா. அவ அம்மா ஊடு அங்கதான். நல்ல யோசனைதான்னு நானும் அனுப்பி வெச்சேன். புள்ளை படிப்புக்காகத்தானுங்க போனா. வேற காரணம் சொல்றவங்களுக்கு வேலை இல்ல.

இப்ப ரெண்டாவது வருசம் ஓடுது. தெனமும் ஃபோன் பண்ணுவேன். தாரணி பேசுவா. அப்பறம் அவ வாங்கி, "சாப்டீங்களா"ன்னு கேப்பா. சாப்டேம்பேன். அவ்வளவுதான்.

நடராஜ் வியட்நாம் மில்லுக்குப் போயிட்டான். பாஸ்கரன் இருக்கறான். ஆனா ஒத்தை ஆளு இருக்கற ஊட்டுக்குக் குடும்பத்தோட யாருங்க வருவாங்க? நான் கூப்புட்டுப் பார்த்தேன். வர்றோம் வர்றோம்பாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை பத்துப் பேருக்கு நானே சோறாக்கி வெச்சுட்டுக் காத்துட்டு இருந்தேன். மைதிலிக்குத் தலைவலின்னு ஃபோன் வந்துச்சு. அந்தச் சோத்தைத் திங்கக் கெழமை, செவ்வாக் கெழமை ரெண்டு நாளும் சாப்புட்டேன். அதுக்கப்பறம் ஊட்டுல ஒலை வெக்கறதில்லீங்க. மில்லு கேண்டீன்தான்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. எங்க போறதுன்னே தெரியாம பைக்கை எடுத்தேன். அது என்னவோ லெம்பாங் ரோட்டுலயே போயிருச்சு. சரி, மேலயே போலாம்னு போனேன்.

மக்காச்சோளம் விக்கற ஒரு பொம்பளை என்னை உத்து உத்துப் பார்த்துட்டு, இந்தியாவான்னு கேட்டா. ஆமான்னேன். பேரு ஈமாஸ். அம்பது வயசு இருக்கும். "உங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி, கோகிலான்னு. சாம்பல் உழுந்த அன்னைக்கு என்கூடத்தான் இருந்தா. உங்களுக்குத் தெரியுமா, நல்லா இருக்காளா?"ன்னா.

நான் யாருன்னு சொல்லலீங்க. தெரியும், நல்லா இருக்கான்னேன்.

அவ சோளத்தைத் திருப்பிப் போட்டுக்கிட்டே சொன்னா. கோகிலா தொப்பியை எடுத்துட்டு ஓடி வந்திருக்கா. வேன் கெளம்பிப் போகுது. பின்னாலயே ஓடித் தொப்பியை ஆட்டியிருக்கா. வேன் வளைவுல திரும்பிருச்சு. அந்த எடத்துலயே நின்னுட்டா. ஈமாஸ்தான் தன்னோட துணியைக் குடுத்து மூக்கை மூடிக்கச் சொல்லியிருக்கா. ஆளுங்களை எறக்கறதுக்கு லாரி வந்திருக்குது. ஏறுன்னா ஏறல. "அவரு எண்ணிப் பார்ப்பாரு. எப்பவும் எண்ணுவாரு. இப்ப வந்துருவாரு"ன்னாளாம். ரெண்டாவது லாரிக்கும் அதேதான். கடையை விட்டுட்டு ஈமாஸும் போகல, இவளைத் தனியா விட மனசில்லாம. ரெண்டு பேரும் அந்தக் கடைக்குள்ள உக்காந்து ஒரு மணி நேரத்துக்கு மேல பேசிட்டு இருந்திருக்காங்க. மூணாவது லாரிதான் கடைசி. ஈமாஸ் கையைப் புடிச்சு இழுத்து ஏத்தியிருக்கா.

நான் கேட்டேன், "பேசிட்டு இருந்தீங்களா? எந்த பாஷையில?"

அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. "எங்க பாஷையிலதான். நல்லாப் பேசுவாளே. உங்களைவிட நல்லாவே பேசுவா"ன்னா.

தம்பி, எட்டு வருசம் அங்க என்கூட இருந்தா. கடைக்குப் போனா நாந்தான் பேசுவேன். ஆசெப்கிட்ட, பக்கத்து ஊட்டுல, டாக்டர்கிட்ட, எல்லாத்துக்கும் நாந்தான். பாவம், அவளுக்குப் பாஷை தெரியாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், அவ பக்கத்துல நிக்கும்போதே சொல்லுவேன். எப்பக் கத்துக்கிட்டா, யாருகிட்டக் கத்துக்கிட்டா, எனக்குத் தெரியாது.

என்ன பேசுனான்னு ஈமாஸ்கிட்டக் கேட்டேன். அது பொம்பளைங்க பேச்சுன்னுட்டா. சோளத்துக்குக் காசு வாங்கிக்கல.

அன்னைக்கே லீவு எழுதிப் போட்டுட்டேன். கோகிலாகிட்ட வர்றேன்னு சொல்லல. சொன்னா வர வேண்டாம்னுருவாளோன்னு இல்ல, சும்மா, திடீர்னு போயி நிக்கலாம்னு.

இவ ஒரு ஆபீசுக்குப் போறான்னு எனக்குத் தெரியும். டைப் அடிக்கற வேலைன்னு நெனச்சிருந்தேன். மில்லு மிஷின் பார்ட்ஸ் ஏத்துமதி பண்ற கம்பெனியாம், உடுமலையிலயே. முந்தா நாள் மத்தியானம் ஊட்டுல தாரணியைப் பார்த்துட்டு, மாமியார் சொன்ன அடையாளத்துல ஆபீசுக்கே போயிட்டேன். மாடி. கதவு தொறந்திருக்குது. உள்ள ஃபோன்ல பேசிட்டு இருக்கா. அந்த பாஷையில. வேகமா, சரளமா, நடுவுல சிரிச்சுச் சிரிச்சு. நான் கதவுகிட்டயே நின்னுட்டேன். அது அவ கொரலுதான், ஆனா எனக்குத் தெரியாத யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. வெச்சுட்டுத் திரும்புனா, நான் நிக்கறேன். "சாப்டீங்களா"ன்னா.

ரெண்டு பேரும் கீழ பேக்கரியில உக்காந்து டீ குடிச்சோம். அந்த மலைக்குப் போயிட்டு வந்தேன்னேன். "ஈமாஸ் எப்படி இருக்காங்க"ன்னா. நல்லா இருக்காங்கன்னேன். அப்பறம் கேட்டேன், "உனக்கு அந்த பாஷை தெரியும்னு ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"ன்னா.

"என்ன பண்ணுவேன், எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பேன்."

"அதானுங்க"ன்னா.

இதுல என்ன தப்புங்க? பெருமையாத்தான சொல்லியிருப்பேன்? நாலு பேரு முன்னால பேசிக் காட்டுன்னு சொல்லியிருப்பேன். எனக்கு இன்னும் புரியலீங்க.

அந்தக் கம்பெனி எங்க மில்லுக்கும் பார்ட்ஸ் அனுப்புதாம். எங்க ஸ்டோர்ஸ்ல இருக்கற டெடிகிட்ட வாரா வாரம் பேசறாளாம். நான் தெனமும் பார்க்கற ஆளு அவன். "நீ என் சம்சாரம்னு அவனுக்குத் தெரியுமா?"ன்னேன். தெரியாதாம். சொல்லலியாம். டம்ளரைச் சுத்திக்கிட்டே சொன்னா, "ஒரு நாள் அவரே சொன்னாரு. உங்க ஊர்க்காரரு ஒருத்தர் எங்க மில்லுல இருக்காரு, முன்னெல்லாம் கூட்டமா உக்காந்து சத்தம் போட்டுப் பேசுவாரு, இப்ப கேண்டீன்ல சொவத்தைப் பார்த்து உக்காந்து சாப்பிடறாருன்னு."

டீயை ஒரே மடக்குல குடிச்சேன். பேக்கரியில பாட்டு ஓடிட்டு இருந்துச்சு.

அப்பறந்தான் கேட்டேன், நீ அன்னைக்கு மலை மேல எவ்வளவு நேரம் நின்னேன்னு. "மணி பார்க்கலீங்க. மொதல்ல கோபமா இருந்துச்சு. அப்பறம் நீங்க பதறிட்டு வருவீங்களேன்னு கவலையா இருந்துச்சு. அதுக்கப்பறம் அந்தப் புகையைப் பார்த்துட்டே இருந்தேன். நல்லா இருந்துச்சு"ன்னா. அவ என்கிட்ட ஒரே மூச்சுல அவ்வளவு பேசுனது அதுதான் மொதத் தடவை. தப்புதான் கோகிலான்னேன். அவ தலையை ஆட்டுனா. சரின்னாளா, இல்லைன்னாளா, தெரியல.

திரும்பி வந்துருன்னேன். புள்ளைக்கு அங்கயே ஸ்கூல் பார்த்துக்கலாம்னேன். "நான் இங்க நல்லா இருக்கேனுங்க"ன்னா. சண்டையா இல்ல, சாதாரணமாத்தான் சொன்னா. "அப்ப நான்?"ன்னேன். அவ ரோட்டைப் பார்த்துட்டு இருந்துட்டு, "நீங்க வேணா இங்க வாங்க"ன்னா.

ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்க அதெல்லாம். இன்னும் ரெண்டு வருசம் காண்ட்ராக்ட் இருக்குது. பதிமூணு வருசம் இருந்த எடம். அங்க எல்லாத்தையும் விட்டுட்டு எப்படி வர்றது?

எல்லாம்னா என்னங்கறீங்களா?

மில்லு இருக்குது. ஊடு இருக்குது. ஊட்டுல...

ஊட்டுல யாரும் இல்லீங்க.

காலையில அவதான் ஸ்கூட்டர்ல கொண்டாந்து பஸ் ஸ்டாண்டுல விட்டா. ஸ்கூட்டர் ஓட்டறா இப்ப. பின்னால உக்காந்து வர்றதுக்கு எனக்குக் கூச்சமா இருந்துச்சு. சீட்டுப் புடிச்சுக் குடுத்து, இந்த பர்பியைக் குடுத்து, போய்ச் சேந்ததும் ஃபோன் பண்ணுங்கன்னா. பஸ் எடுக்கற வரைக்கும் நிப்பான்னு நெனச்சேன். பத்து மணிக்கு ஆபீசாம், போயிட்டா.

இது பொள்ளாச்சிங்களா? எத்தனை நேரம் நிக்கும், பத்து நிமிசமா? நீங்க டீ குடிக்கறதுன்னா போயிட்டு வாங்க, எடம் நான் பார்த்துக்கறேன். வேண்டாங்களா, செரி.

ஏனுங்க தம்பி, இங்கிருந்து உடுமலைக்குத் திருப்பி பஸ் எவ்வளவு நேரத்துக்கு ஒண்ணு? அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணா. அந்தா நிக்குதே, அதுங்களா? காலியாத்தான் இருக்குது.

இல்ல, சும்மா கேட்டேன்.

ஃபிளைட் சாயந்தரந்தானுங்க. நேரம் கெடக்குது. இருந்தாலும் முன்னாலயே போயிட்டா நல்லதில்ல?

விசில் அடிச்சுட்டான். உக்காருங்க, உக்காருங்க, எடுக்கறான். அந்தச் சன்னலைக் கொஞ்சம் எறக்கி விடறீங்களா, காத்து மொகத்துல அடிக்குது.